19 இன்ச் பெட்டியும் என் கிடாரும்

எங்க ஆபீஸ் சர்வர் ரூமுக்குள்ள போகும்போதெல்லாம் எனக்குக் கிடார் ஞாபகம்தான் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. அங்கே சர்வரை மாட்டி வச்சிருக்கிற இரும்புச் சட்டமும், 1980களில் அமெரிக்கக் கிடார் ஜாம்பவான்கள் மேடைக்குப் பின்னால் நிறுத்தி வச்சிருந்த சட்டமும் ஒரே அளவு. அகலம் 19 இன்ச். உயரத்துக்கு 'யூ'ன்னு ஒரு கணக்கு. 1 யூ என்பது 1.75 இன்ச், அதாவது 44.45 மில்லிமீட்டர். இதைக் கண்டுபிடிச்சது நம்மளை மாதிரி பொட்டி தட்டறவங்களும் இல்லை, பாட்டுக்காரங்களும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலே மாட்டறதுக்காக வந்த சட்டம் அது. அங்கிருந்து ரேடியோ நிலையம், அப்புறம் ரெக்கார்டிங் ஸ்டுடியோ, கடைசியில் கிடார்.

அந்தக் 'கடைசியில்'தான் என் காசு மாட்டிக்கிச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எனக்கு ஒரு எலக்ட்ரிக் கிடார், ஒரு ட்யூப் ஆம்ப், காலால் மிதிக்கிற நாலஞ்சு பெடல் உண்டு. எதிரொலி, ரிவர்ப், கோரஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வேணும்னு ரொம்ப நாள் ஆசை. ஊருக்குப் போகிற நண்பன் ஒருத்தன் மூலமா 1980களின் ஜப்பான் தயாரிப்பு, 1 யூ ரேக் பெட்டி ஒண்ணு செகண்ட் ஹாண்டில் வந்தது. வாஷிங் மெஷினுக்குன்னு எடுத்து வச்சிருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினேன். தங்கமணி பார்த்துட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏங்க, பழைய டிவிடி பிளேயரை எதுக்குக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

100 வோல்ட் பெட்டி. நல்லவேளை, பின்பக்கம் பார்த்துட்டு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி வச்சேன், இல்லைன்னா நம்ம 230 வோல்ட்டில் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கிடாரைச் சொருகினேன். மீட்டினேன். சத்தம் கம்பளி போர்த்தின மாதிரி வந்தது. பின்னணியில் 'உஸ்ஸ்ஸ்'னு இரைச்சல் வேற. நாலு நாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்துட்டு, பெட்டி அவுட்டுன்னு முடிவு பண்ணி பாதி விலைக்குத் தள்ளிவிடக் கிளம்பிட்டேன்.

பெட்டி நல்லாத்தான் இருந்தது. அதோட வரலாறு எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

வரலாறு எங்கே ஆரம்பிக்குதுன்னா, இந்தப் பெட்டிகளின் தாத்தா பாட்டி யாருமே கிடாருக்காகப் பிறக்கலை. ஜெர்மனியின் ஈஎம்டி கம்பெனி 1957ல் '140'னு ஒரு ரிவர்ப் கருவி கொண்டு வந்தாங்க. உள்ளே தொங்குறது ஒரு பெரிய எஃகுத் தகடு. எடை கிட்டத்தட்ட 270 கிலோ! அதை மேடைக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. ஸ்டுடியோவில் ஒரு தனி அறையில்தான் வைக்கணும். மேடையில் இருந்த கிடார்காரங்களுக்கு எதிரொலிக்கு டேப் ஓடுற எக்கோப்ளெக்ஸ் மாதிரி கருவிகள்தான் கதி. டேப் தேயும், சிக்கும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி பாடும்.

அப்புறம் 1971. எம்ஐடி பேராசிரியர் ஃபிரான்சிஸ் லீ இதயத் துடிப்பைக் கண்காணிக்கிற ஆராய்ச்சிக்காக சிக்னலை டிஜிட்டலில் தாமதப்படுத்துற ஒரு ஏற்பாட்டைச் செஞ்சிருந்தார். பாரி பிளெஸ்ஸர் அதில் பாட்டை ஓட்டிப் பார்க்கலாமேன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் லெக்சிகன் கம்பெனியின் டெல்டா-டி, முதல் வணிக டிஜிட்டல் டிலே. அடுத்து 1975ல் ஈவென்டைட் கம்பெனி டோனி அக்னெல்லோ வடிவமைச்ச எச்910 ஹார்மனைசரைக் கொண்டு வந்தது. சுருதியை ஏத்தி இறக்குற பெட்டி. இதோட முதல் வாடிக்கையாளர் யாருன்னு நினைக்கறீங்க? நியூயார்க்கின் சேனல் 5 டிவி! விளம்பரத்துக்கு இடம் பண்ண 'ஐ லவ் லூசி' பழைய எபிசோடுகளைக் கொஞ்சம் வேகமா ஓட்டினாங்க, அதனால் எல்லாருக்கும் குரல் கீச்சுன்னு ஆயிடுச்சு. அதைக் கீழே இறக்கத்தான் இந்தப் பெட்டி. (விளம்பரத் தொல்லை நம்ம ஊர் சீரியலுக்கு மட்டும்னு நினைச்சிட்டிருந்தேன்.) 1977ல் வந்த டேவிட் பௌவியின் 'லோ' ஆல்பத்தில் டோனி விஸ்கான்டி ட்ரம் சத்தத்தை இதே பெட்டிக்குள் விட்டு எடுத்தார். 1976ல் ஈஎம்டி 250, 1978ல் லெக்சிகன் 224ன்னு டிஜிட்டல் ரிவர்ப்களும் வரிசையா வந்தன.

இதயம், டிவி, ட்ரம், குரல். இதில் கிடார் எங்கே? அதான் விஷயமே.

ஸ்டுடியோவில் சிக்னல்கள் 'லைன் லெவல்'ங்கிற வலுவான அளவில் ஓடும். தொழில்முறைக் கருவிகளில் +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டு உபயோகக் கருவிகளில் -10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். கிடாரின் பிக்கப் ஒரு காந்தத்தைச் சுத்தின மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்தான். பெரும்பாலும் அது தர்றது சில நூறு மில்லிவோல்ட். அதைவிட முக்கியம், அந்தச் சுருளுக்கு எதிரே இருக்கிற கருவி அதை ரொம்ப இழுக்கக் கூடாது. கிடார் ஆம்ப்களில் பொதுவா 10 லட்சம் ஓம் இன்புட் இருக்கும். பழைய ரேக் பெட்டிகள் பலதில் 10,000, 20,000 ஓம்தான். ஓடையில் பெரிய மோட்டார் போட்ட மாதிரி, மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம் செத்துப் போகும். நான் கேட்ட கம்பளிச் சத்தம் அதேதான். இரைச்சலும் அப்படித்தான், பலவீனமான சிக்னலைக் கொடுத்துட்டு அதைத் தூக்கி நிறுத்த நானே வால்யூமைத் திருகினதில் வந்தது. நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சவன் செய்யற வேலையா இது? ஹிஹி.

அப்ப 80களில் அவங்க எப்படிச் சமாளிச்சாங்க? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஒரு வழி, பெட்டியே கிடாருக்கு இறங்கி வர்றது. 1982ல் வந்த கோர்க் எஸ்டிடி-3000ல் உள்ளே வர்ற அளவுக்கும் வெளியே போற அளவுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. கிடாரையும் மாட்டலாம், மிக்ஸரையும் மாட்டலாம். யூ2 குழுவின் எட்ஜ் வாசிக்கிற அந்த ஓடிக்கிட்டே இருக்கிற எதிரொலிக்குப் பின்னால் இருந்தது இதுதான். அதில் பாதி ரகசியம் எதிரொலியில் இல்லை. பெட்டியின் முன்பகுதி சிக்னலைக் கொஞ்சம் தூக்கி வாக்ஸ் ஆம்ப்பை உசுப்பிவிடுறதில் இருக்கு.

இன்னொரு வழி, ஆம்ப்பைப் பிரிக்கிறது. முதல் பாதி பிரீஆம்ப், அடுத்தது பவர் ஆம்ப். நடுவில் 'எஃபெக்ட்ஸ் லூப்'. பிரீஆம்ப் ஏற்கனவே சிக்னலைத் தூக்கிவிட்டதால் ரேக் பெட்டிக்கு அங்கே சாப்பாடு சரியா கிடைக்கும்.

மூணாவது வழிதான் பிரம்மாண்டம். லாஸ் ஏஞ்சலஸில் பாப் பிராட்ஷா 1980ல் கஸ்டம் ஆடியோ எலக்ட்ரானிக்ஸ் ஆரம்பிச்சார். அவர் யோசனை எளிமை: கிடார் சிக்னல் காலடிக்குப் போக வேண்டியதே இல்லை. எல்லாக் கருவியும் ரேக்கில் இருக்கட்டும், காலடியில் கட்டளை கொடுக்கிற பலகை மட்டும். அழுத்தினா ரேக்குக்குள் ரிலே சுவிட்ச் தேவையான பெட்டியைச் சேர்க்கும், வேண்டாததை முழுசா வெளியே தள்ளும். (டெலிபோன் ரிலே சட்டத்துக்குள் மறுபடி ரிலே. பூர்வ ஜென்ம பந்தம்!) ஸ்டீவ் லூகாதர், மைக்கேல் லாண்டாவ், எடி வான் ஹேலன்னு பெரிய தலைகள் எல்லாம் அவர்கிட்ட போனாங்க. அடுக்கி முடிச்சா ஆளுயரம் வரும், அதனால் அதுக்குச் செல்லப்பேரே 'ஃபிரிட்ஜ்'.

அந்தக் கால டிஜிட்டல் பெட்டி முழு சிக்னலையும் எண்ணாக்கி மறுபடி ஒலியாக்கினா மூல சத்தம் கெடும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால் நடு ஸ்பீக்கரில் கலப்படமில்லாத கிடார், இடமும் வலமும் எஃபெக்ட் மட்டும். இதுக்கு 'வெட்-ட்ரை-வெட்'னு பேர். மூணு ஸ்பீக்கர், மூணு பவர் ஆம்ப் பாதை. நம்ம 2 பிஎச்கே ஃபிளாட்டில் இதைப் பண்ணினா அசோசியேஷன் செக்ரட்டரி மூணு பக்கமும் வந்து நிப்பார்.

1983ல் மிடி வந்தது. விநாடிக்கு 31,250 பிட், அஞ்சு முள் கேபிள். 'ப்ரோக்ராம் மாத்து'ன்னு சொல்ல ரெண்டே பைட். ஒரு மிதியில் எல்லாப் பெட்டியும் சேர்ந்து மாறும். விலையும் இறங்கிச்சு. 1986ல் அலெசிஸ் மிடிவெர்ப் 400 டாலருக்குள் டிஜிட்டல் ரிவர்பைக் கொடுத்தது. 1987ல் ஏடிஏ எம்பி-1 வந்து ட்யூப் பிரீஆம்ப்பையே மிடியில் மாத்த வச்சது.

1991ல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்ததும் ஃபிரிட்ஜ் எல்லாம் பழைய தலைமுறை வீம்புன்னு ஆகி, ஜனங்க மறுபடி பெடலுக்கு ஓடினாங்கன்னு எல்லாரும் எழுதுவாங்க. பாதி உண்மை. கர்ட் கோபேன் மேடையில் வாசிச்சதே மெசா பூகி ரேக் பிரீஆம்ப் வழியாத்தான். அதே 1991ல் மை பிளடி வேலன்டைன் குழு 'லவ்லெஸ்' ஆல்பம் போட்டது. அதில் கெவின் ஷீல்ட்ஸ், மலிவான யமஹா, அலெசிஸ் பெட்டிகளின் தலைகீழ் ரிவர்பை வச்சே ஒரு தனி உலகம் பண்ணிட்டார். என்னைக் கேட்டா, ஆளுயர ஃபிரிட்ஜ்கள் எல்லாத்தையும் விட அந்த மலிவுப் பெட்டிகள்தான் நிறையச் சாதிச்சது. சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-)

1998ல் லைன் 6 பாட், 2006ல் ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ்னு ஆம்ப்பையே மென்பொருளாக்கினது தனிக்கதை. அதுக்கப்புறம் ஒரே பெட்டியில் எல்லாம் வேணும்னா தரையில் வைக்கிற மாடலரே போதும்னு ஆயிடுச்சு. பழைய பெட்டி ஏன்னு கேட்டா, எனக்கு அந்தக் கோரஸ் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

விற்கக் கிளம்பின அன்னிக்கு ராத்திரி கடைசியா ஒருமுறை ஆம்ப் பின்பக்க லூப்பில் மாட்டினேன். பெட்டியின் பின்னால் இருந்த லெவல் சுவிட்சை மாத்தினேன். கம்பளி போச்சு, இரைச்சலும் முக்கால்வாசி போச்சு. ஆனா மீதி ஒரு சத்தம், குழாய்க்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி. என் ஆம்ப்பில் லூப் பேரலல் வகை, மூல சத்தம் தனியாவும் போகும். பெட்டியும் தன் பங்குக்கு மூல சத்தத்தை டிஜிட்டல் வழியாத் தாமதமா அனுப்புது. ரெண்டும் சேர்ந்தா சில அலைவரிசைகள் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும். 1 மில்லிசெகண்ட் தாமதம்னா 500 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம். மிக்ஸை 100 சதவீதம் எஃபெக்ட்னு வச்சதும் சரியாயிடுச்சு. லூகாதர் மூணு ஸ்பீக்கர் வச்சுப் பிரிச்சதை நான் ஒரு குமிழில் பிரிச்சேன்.

யாராவது பழைய ரேக் வாங்கப் போனா கடைக்காரர்கிட்ட டெமோ கேக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் பாருங்க: எத்தனை வோல்ட், லெவல் சுவிட்ச் இருக்கா, மிடி இருக்கா. அப்புறம் உங்க ஆம்ப்பில் லூப் இருக்கா, சீரியலா பேரலலா. இதுக்கப்புறம்தான் பிராண்ட்.

என் பெட்டிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. உள்ளே மெமரியைக் காப்பாத்தற லித்தியம் பேட்டரி சாகக் கிடக்குது. அது போனா நான் சேமிச்ச செட்டிங் எல்லாம் போகும். அதனால் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொண்ணா நோட்டில் எழுதிட்டு, மூடியைக் கழட்டி மாத்தணும். வாஷிங் மெஷினை அடுத்த மாசச் சம்பளத்தில் வாங்கறதா ஒப்பந்தம். தங்கமணி அதையும் அதே நோட்டில், முதல் பக்கத்தில் எழுதி வச்சிருக்காங்க.