பகா எண் இடைவெளிகளைத் தேடியவர்கள்

23, 29 இரண்டும் பகா எண்கள். நடுவில் வேறு பகா எண் இல்லை, ஆக இடைவெளி 6. இது எவ்வளவு பெரிதாகவும் ஆகலாம் என்று நிரூபிப்பது எளிது. ஆனால் 1000-ஐத் தாண்டும் இடைவெளி முதன்முதலாக எங்கே வருகிறது? ஒவ்வொரு எண்ணாகச் சலித்துத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டர்களில் இப்படிச் சலித்தவர். முதலில் அவர் தேடியது 2 வித்தியாசத்தில் வரும் இரட்டைப் பகா எண்களை; அவற்றின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994-ல் விடைகள் ஒத்துவரவில்லை. தன் புரோகிராமைத்தான் முதலில் சந்தேகப்பட்டார் (நாமும் அப்படித்தானே!). மாதக்கணக்கில் துருவியபின் தெரிந்தது, தப்பு பென்டியம் சிப்பின் வகுத்தலில்! 824633702441-இன் தலைகீழியையே அது தவறாகச் சொன்னது. சிப்புகளை மாற்றித்தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

அதன்பின் நைஸ்லி எந்தக் கணக்கையும் இரண்டு முறை ஓட்டினார். இடைவெளித் தேடலில் இது இன்னும் முக்கியம். ஒரு பகா எண் தவறிவிட்டால் போதும், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தோன்றிவிடும்.

1999-ல் ஸ்வீடனின் பெர்ட்டில் நைமன் கண்டுபிடித்தார்: 1693182318746371-க்கு அடுத்த 1131 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. இடைவெளி 1132. அந்த வட்டாரத்தில் சராசரி இடைவெளி வெறும் 35தான்!