‘ஹோமினிட்’: ஒரு வகைப்பாட்டுச் சொல்லின் பொருள்மாற்றம்

கலைச்சொல் தன் வடிவம் மாறாமலே பொருள் மாறக்கூடும். அம்மாற்றத்தைக் கவனியாத மொழிபெயர்ப்பு, சொல்லளவில் சரியாயிருந்தும் கருத்தளவில் பிழையாகிவிடும். பிரைமேட்டு வகைப்பாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735இல் மனிதனையும் குரங்குகளையும் ‘மனித உருவின’ எனப் பொருள்படும் ஒரே வரிசையில் அடக்கினார். 1758இல் அவ்வரிசைக்குப் ‘பிரைமேட்டுகள்’, அதாவது முதன்மையானவை, எனப் பெயரிட்டார். பின்வந்த புளூமென்பாக், கூவியே ஆகியோர் மனிதனை ‘இருகையின’ என்றும், குரங்குகளை ‘நாற்கையின’ என்றும் தனித்தனி வரிசைகளாக்கினர். கொரில்லாவின் பின்னுறுப்பு உடற்கூற்றளவில் பாதமேயன்றிக் கையன்று என 1863இல் ஹக்ஸ்லி நிறுவி, இப்பிரிவினையை மறுத்தார்.

எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மனிதனும் அவன் தொல்லுறவுகளும் ‘ஹோமினிடே’ குடும்பத்திலும், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவை ‘பொங்கிடே’ குடும்பத்திலும் வைக்கப்பட்டன. குருதிநீர்ப் புரதங்களை ஒப்பிட்ட மோரிஸ் குட்மன், சிம்பன்சியும் கொரில்லாவும் ஒராங்குட்டானைவிட மனிதனுக்கே நெருங்கியவை எனக் கண்டு, அவ்விரண்டையும் ஹோமினிடேயில் சேர்க்குமாறு 1963இல் முன்மொழிந்தார். பின்னர் மரபணு ஆய்வுகளும் இவ்வுறவையே உறுதிசெய்தன. இன்று ஒராங்குட்டானும் அக்குடும்பத்தில் அடங்கும். சிம்பன்சியினின்று பிரிந்தபின் வந்த மனிதக் கிளையைக் குறிக்க ‘ஹோமினின்’ என்னும் சொல் பெருவழக்காயிற்று.

1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய ‘லூசி’ புதைபடிவத்தை அக்கால நூல்கள் ஹோமினிட் என்றன. இன்றைய நூல்கள் ஹோமினின் என்கின்றன. பழைய நூலில் வரும் ஹோமினிடை ‘மனிதக் குடும்பத்தது’ எனப் பெயர்ப்பது பொருந்தும். இன்றைய நூலில் அவ்வாறு பெயர்த்தால் கொரில்லாவும் மனிதக் குடும்பத்ததாகிவிடும். ஆகவே மூலநூல் வெளிவந்த ஆண்டும் மொழிபெயர்ப்பாளர் நோக்கவேண்டிய சூழலின் ஒரு பகுதியாகும்.

தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் மூன்றன் பெண்ணுக்கும் ‘மந்தி’ என்னும் பெயரை உரித்தாக்குகிறது. அது சொல்வழக்கின் தொகுப்பே. மரபுவழி உறவின் தொகுப்பன்று. பிரைமேட்டுகளைக் ‘குரங்கினம்’ என்றால் தேவாங்கும் மனிதனும் விடுபடுவர். சிம்பன்சி முதலியவற்றை ‘வாலில்லாக் குரங்கு’ என்பதும் முற்றும் பொருந்தாது. வட ஆப்பிரிக்காவின் பார்பரிக் குரங்குக்கும் வால் இல்லையெனலாம், ஆயினும் அது அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. எனவே குடும்பப் பெயர்களை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் அவற்றின் எல்லையை விளக்குவதே பாதுகாப்பான நெறியாகும்.