சண்டைச் சுற்றும் அனுபவப் புள்ளியும்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடுவர் விவரிக்கும் மாய உலகத்துக்குள் நுழையும் ஆட்டங்களில் இரண்டு விதிகளுக்குத் தனி இடம் உண்டு. சண்டை மூண்டால் யார் முந்துவது, ஒரு வீச்சுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று சொல்லும் விதி ஒன்று. இந்த நேர அலகைச் சுற்று என்கிறோம். ஆட்டக்காரர் வாயில் ரவுண்ட். எதைச் செய்தால் பாத்திரம் வளரும் என்று சொல்லும் விதி மற்றொன்று. அதன் அளவை அனுபவப் புள்ளி, வழக்கில் எக்ஸ்பி. அமெரிக்காவில் 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த ஆட்டத்தின் சுற்று ஒரு நிமிடத்திலிருந்து ஆறு வினாடியாகச் சுருங்கியது. புள்ளி கிடைக்கும் வழி பொன்னிலிருந்து கொலைக்கும், பிறகு கதைக்கும் நகர்ந்தது.

படை ஆட்டத்தின் வாரிசு

பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சி ஆட்டமான கிரீக்ஸ்ஷ்பீலில் சுற்று என்ற கருத்து தெளிவான உருவம் பெற்றது. ஜார்ஜ் ஹைன்ரிஷ் ருடால்ஃப் ஃபான் ரைஸ்விட்ஸ் 1824-ல் அச்சிட்ட விதிகளில் இரு தரப்பு, இடையில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர், 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், இழப்பை முடிவு செய்யப் பகடை எல்லாமே இருந்தன. ஒவ்வொரு நகர்வும் போர்க்களத்தில் இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் ஒரு படைப்பிரிவு எவ்வளவு தூரம் நடக்கும், எத்தனை பேரை வீழ்த்தும் என்பதே கணக்கு. தனி மனிதன் அந்தக் கணக்கில் இல்லை.

சிறு உலோக வீரர்களை மேசையில் பரப்பி ஆடிய அமெரிக்கப் பொழுதுபோக்குக் குழுக்கள் இந்த மரபைத் தொடர்ந்தன. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து 1971-ல் எழுதிய செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் ஆட்டத்தில் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். இருபது பேர் கொண்ட அணி இன்னொன்றோடு மோதிக் கலைவதற்கு ஒரு நிமிடம் பொருத்தமான அளவுதான். அதே நூலில் ஆளுக்கு ஆள் மோதும் தனிப்பகுதியும் உண்டு. அங்கே நீண்ட ஆயுதம் வைத்திருப்பவருக்கு முதல் அடி கிடைக்கலாம்; அடி பலித்தால் ஆள் காலி. கடைசியில் சேர்த்த மாயக்கதைப் பகுதியில், ஹீரோ நான்கு பேருக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டுப் பேருக்குச் சமம் என்று வந்தது. மூன்று ஆண்டு கழித்து வந்த ஆட்டத்தில் நான்காம் நிலை வீரருக்கு ஹீரோ என்றும் எட்டாம் நிலை வீரருக்கு சூப்பர்ஹீரோ என்றும் பட்டம் அமைந்தது தற்செயல் அல்ல. இன்று எல்லாரும் சொல்லும் ‘லெவல்’ முதலில் ஒரு ஆளின் எடையை எத்தனை சிப்பாய்களாக நிறுப்பது என்ற கேள்வியாகவே இருந்தது.

மினியாபொலிஸ்–செயின்ட் பால் நகர்ப்பகுதியில் டேவ் ஆர்னெசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டம் இன்னொரு சிக்கலைச் சந்தித்தது. அவருடைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை வாரம் தவறாமல் ஆடி வந்தார்கள். பழகிய பாத்திரம் ஒரே அடியில் சாவதை அவர்கள் விரும்பவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களுக்காகத் தாம் வைத்திருந்த விதிகளிலிருந்து கவச அளவையும் சேதக் கணக்கையும் ஆர்னெசன் எடுத்துக்கொண்டார். குண்டு பட்டும் கப்பல் மிதக்கும். வெட்டுப்பட்டும் வீரன் நிற்பான். உயிர்ப்புள்ளி என்ற கருத்து இப்படித்தான் மனிதனுக்கு வந்து சேர்ந்தது. பிழைத்தவன் அடுத்த வாரமும் வருவான் என்றானதும், அவன் கற்றதற்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது.

1974: பொன்னுக்குப் புள்ளி

கைகாக்ஸும் ஆர்னெசனும் எழுதிய முதல் பதிப்பு மூன்று சிறு நூல்களைக் கொண்ட பெட்டி. முதல் அச்சு 1,000 படிகள். நிலவறைக்குள் நடக்கும்போது ஒரு ‘டர்ன்’ பத்து நிமிடம். சண்டை வந்தால் அதற்குள் பத்துச் சுற்று, அதாவது சுற்றுக்கு ஒரு நிமிடம். இருபது பேர் மோதிய அதே நிமிடத்தில் இப்போது ஒருவர் ஒரு முறை இருபது முகப் பகடையை உருட்டினார். யார் முந்துவது என்பதை அந்நூல்கள் தெளிவாகச் சொல்லவில்லை. செயின்மெயில் கையில் இருக்கும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பெட்டியை வாங்கிய பலரிடம் அது இல்லை. 1975-ல், ஆட்டத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் செய்தி மடல், இரு தரப்பும் பகடை உருட்டி உயர்ந்த எண் வந்தவர் முதலில் அடிக்கலாம் என்று விளக்கம் தந்தது. அதற்குள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு தனி வழக்கம் வேர்விட்டிருந்தது.

அனுபவப் புள்ளி விதியில் அந்தக் குழப்பம் இல்லை. நிலவறையிலிருந்து கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி; கொன்ற உயிரினத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 100 புள்ளி. நூலே தரும் எடுத்துக்காட்டில், ஏழாம் நிலைப் பூதமான ட்ரோலை வீழ்த்தினால் 700, அது காத்த 7,000 பொற்காசுக்கு 7,000, ஆக 7,700. வென்றவர் எட்டாம் நிலை மந்திரவாதி என்றால் அதில் எட்டில் ஏழு பங்குதான் வரவு. எளியவரை அடித்துப் பெரியவர் ஆகிவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. இரண்டாம் நிலைக்கு வீரருக்கு 2,000 புள்ளி தேவை, மந்திரவாதிக்கு 2,500, மதகுருவுக்கு 1,500. வலிமையை ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு விலையில் விற்றார்கள்.

1975-ன் கிரேஹாக் துணைநூல் கொலைக்கான புள்ளியைக் கடுமையாக வெட்டியது. டாம் மோல்ட்வே தொகுத்த 1981-ன் எளிய பதிப்பில் ஓர்க் என்ற சிறு அரக்கன் ஒன்றைக் கொன்றால் 10 புள்ளி. தனியாக ஒரு வீரர் இரண்டாம் நிலையை எட்ட 200 ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். அல்லது 2,000 பொற்காசு உள்ள ஒரு பெட்டியை அவை உறங்கும்போது தூக்கி வர வேண்டும். இதைப் பேராசைக்குத் தரும் பரிசு என்று பழித்தவர்கள் உண்டு. என் கருத்தில் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த விதி அதுதான். சண்டை ஆபத்தானது, புள்ளியோ சொற்பம். ஆகவே ஆட்டக்காரர் வாளை உருவும் முன் பேசிப் பார்த்தார்கள், ஏமாற்றினார்கள், கயிறு கட்டிச் சுவர் ஏறினார்கள், வேண்டியபோது ஓடினார்கள். கொள்ளையைச் சுமந்துகொண்டு பிழைத்து வெளியேறுவதே வெற்றி என்பதால், எவ்வளவு எடை தூக்கலாம், தீப்பந்தம் எத்தனை டர்ன் எரியும் என்ற கணக்குகளுக்கும் பொருள் இருந்தது. ஆர்னெசன் 1977-ல் வெளியிட்ட தம் பிளாக்மூர் குறிப்புகளில் இன்னும் ஒரு படி போனார்: பொன்னை எடுத்தால் மட்டும் போதாது, பாத்திரம் தன் விருப்பங்களில் அதைச் செலவிட்டால்தான் புள்ளி.

நிமிடம் பற்றிய சச்சரவு

ஒரு நிமிடத்தில் ஒரே வீச்சா என்ற கேள்வி ஆரம்பத்திலேயே எழுந்தது. ஜே. எரிக் ஹோம்ஸ் 1977-ல் தொகுத்த அறிமுகப் பதிப்பு சுற்றைப் பத்து வினாடியாக்கியது. ஆனால் பத்துச் சுற்று சேர்ந்தால் ஒரு டர்ன் என்ற பழைய வரியையும் விட்டுவைத்தது. பத்து நிமிட டர்ன் சண்டையின்போது நூறு வினாடியாகிவிட்டது. உடலின் சுறுசுறுப்பு எண் கூடியவர் முந்துவார் என்பதும் ஹோம்ஸ் வகுத்த வழி.

கைகாக்ஸ் பின்வாங்கவில்லை. அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1979-ல் எழுதிய நடுவர் நூலில் நிமிடச் சுற்றை நீளமாக ஆதரித்தார். நிமிடம் முழுக்கப் பாய்ச்சலும் தடுப்பும் பாசாங்கும் நடக்கின்றன, பகடை உருட்டல் அதில் பலிக்கக்கூடிய ஒரு வாய்ப்பை மட்டுமே குறிக்கிறது என்பது அவர் வாதம். உயிர்ப்புள்ளியும் வெறும் சதை அல்ல. திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அருள் எல்லாம் கலந்தது என்றார். வாள் சண்டைக்கு இந்த விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. வில்லுக்குப் பொருந்தவில்லை: அதே விதிகளில் வில்லாளிக்கு நிமிடத்துக்கு இரண்டு அம்புதான், பயிற்சி பெற்றவர் உண்மையில் அதைவிடப் பல மடங்கு எய்வார்.

அதே பதிப்பு சுற்றை ஆறு வினாடி கொண்ட பத்துத் துண்டுகளாக வெட்டியது. மந்திரத்தை உச்சரிக்க இத்தனை துண்டு என்று எழுதிவைத்தது. ஆட்டக்காரர் செய்யப்போவதை முதலில் அறிவிக்க வேண்டும். பகடை அதன் பிறகுதான். மந்திரம் முடிவதற்குள் அடி விழுந்தால் அது பாழ். விதிகளின் சொற்கள் சிக்கலானவை. பல மேசைகளில் பாதி விதிகளை ஒதுக்கிவிட்டே ஆடினார்கள். ஆனால் மந்திரவாதி வாய் திறக்கும்போது நண்பர்கள் அவரைச் சுற்றி நின்று காக்க வேண்டியிருந்தது, அந்தப் பதற்றத்துக்கு ஈடான ஒன்றைப் பிந்தைய விதிகள் தரவில்லை.

போட்டி ஆட்டங்களும் தத்தம் கடிகாரத்தைச் சுழற்றின. கென் செயின்ட் ஆண்ட்ரேயின் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் (1975) சுற்றை இரண்டு நிமிடமாக்கி, முறை என்பதையே எடுத்துவிட்டது: இரு தரப்பும் எல்லாப் பகடையையும் ஒன்றாக உருட்டிக் கூட்டும், வித்தியாசமே தோற்றவர் படும் காயம். ஸ்டீவ் ஜாக்சனின் கர்ப்ஸ் (1986) ஒரு வினாடிவரை இறங்கியது. ஸ்டீவ் பெரின் முதன்மையாக எழுதிய ரூன்குவெஸ்ட் (1978) பன்னிரண்டு வினாடிச் சுற்றோடு நின்றுவிடாமல், அனுபவப் புள்ளியையே தூக்கி எறிந்தது. ஒரு திறனை நெருக்கடியில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதன் அருகே ஒரு குறி. சாகசம் முடிந்ததும் ஒன்று முதல் நூறு வரை எண் தரும் பகடை. இப்போதைய திறனைவிட அதிக எண் விழுந்தால் திறன் ஐந்து விழுக்காடு கூடும். தெரியாதவன் வேகமாகக் கற்கிறான், தேர்ந்தவனுக்குக் கடைசி அங்குலம் கடினம். வாழ்க்கையில் கற்றல் நடக்கும் விதத்துக்கு இவ்வளவு நெருங்கிய விதி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பொன் விலகிய பிறகு

1989-ல் டேவிட் குக் முன்னின்று உருவாக்கிய அட்வான்ஸ்டு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது விரும்பினால் வைத்துக்கொள்ளும் விதியானது. கதையின் இலக்கை எட்டினால் புள்ளி, வீரர் எதிரியை வீழ்த்தினால் தனிப்புள்ளி, மந்திரவாதி மந்திரத்தால் தடையை வென்றால் தனிப்புள்ளி. நோக்கம் நல்லது. நடப்பில் எண்ணுவதற்கு எளிதாக இருந்தது வீழ்ந்த எதிரிகளின் தொகைதான்.

டிஎஸ்ஆரை 1997-ல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2000-ல் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு இரு விதிகளையும் ஒருசேர மாற்றியது. ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் வடிவமைத்த அதில் சுற்று ஆறு வினாடி. சண்டைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பகடை உருட்டி வரிசை போட்டால் போதும். கடைசிவரை அதே வரிசை சுழலும். முன்கூட்டி அறிவிப்பது போயிற்று. தன் முறை வந்ததும் யோசித்து, செய்து, முடித்துவிடலாம். மந்திரவாதிக்கு இது பெரும் வரம். பெரும்பாலான மந்திரங்கள் அவர் முறைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் இடையில் புகுந்து கெடுப்பது அரிதாயிற்று. உயர்ந்த நிலைகளில் மந்திரவாதி மற்றவரை மிஞ்சுகிறார் என்று அந்தப் பதிப்பைப் பற்றி எழுந்த குறைக்கு மந்திரப் பட்டியல் மட்டும் காரணம் அல்ல, கடிகாரமும் காரணம்.

புள்ளிப் பட்டியலும் எல்லா வகைக்கும் ஒன்றானது: முதல் நிலையிலிருந்து இரண்டுக்கு 1,000, இரண்டிலிருந்து மூன்றுக்கு மேலும் 2,000. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு சவால் மதிப்பு. குழுவுக்கு ஈடான மோதல்கள் ஏறத்தாழ பதின்மூன்றை வென்றால் ஒரு நிலை ஏறும்படி கணக்கைச் செதுக்கியிருந்தார்கள். துல்லியமான வேலை. ஆனால் பதுங்கிப் போன காலம் அதோடு முடிந்தது. சண்டையைத் தவிர்த்த குழு வளர்ச்சியையும் தவிர்த்துவிட்டதாகவே பல மேசைகளில் உணர்ந்தார்கள்.

2008-ன் நான்காம் பதிப்பு ஒரு முறைக்குள் செய்யும் வேலையைப் பெரியது, நகர்வு, சிறியது என்று பிரித்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு ஆறு வினாடியை வைத்துக்கொண்டு, ஒரு செயல், ஒரு கூடுதல் செயல், பிறர் முறையில் ஒரு எதிர்வினை என்று அமைத்தது. அதில் இரண்டாம் நிலைக்கு 300 புள்ளி போதும். புள்ளியே எண்ணாமல், கதையில் முக்கியக் கட்டம் முடிந்ததும் எல்லாரும் நிலை ஏறும் மைல்கல் முறையையும் அதன் நடுவர் நூல் தருகிறது. கணக்கெழுதும் சுமை குறைகிறது என்பது உண்மை. ஆனால் எதைச் செய்தால் வளர்வோம் என்ற கேள்விக்கு விடை ஆட்டக்காரர் கையிலிருந்து நடுவர் கைக்குப் போய்விடுகிறது.

சேஜ் லடோராவும் ஆடம் கோபெலும் எழுதிய டன்ஜன் வேர்ல்ட் (2012) சுற்றையும் வரிசையையும் கைவிட்டது. கதையில் அடுத்து யார் பக்கம் பார்வை திரும்புகிறதோ அவர் ஆடுவார். இரண்டு பகடையின் கூட்டு ஆறோ அதற்குக் குறைவோ வந்து முயற்சி தோற்றால் ஒரு புள்ளி. தோல்விக்குக் கூலி கிடைப்பதால், வாய்ப்புக் குறைந்த காரியத்திலும் ஆட்டக்காரர் துணிந்து இறங்குகிறார். பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்போ (2019) ஒவ்வொரு முறைக்கும் மூன்று செயல், ஒவ்வொரு நிலைக்கும் 1,000 புள்ளி என்று கணக்கைச் சுருக்கியது.

பழைய விதிகளுக்கும் மறுவாழ்வு வந்தது. கேவின் நார்மன் 2019-ல் வெளியிட்ட ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் 1981-ன் விதிகளை ஏறக்குறைய அப்படியே ஒழுங்குபடுத்தித் தருகிறது. சண்டைச் சுற்று பத்து வினாடி, நிலவறை டர்ன் பத்து நிமிடம், தீப்பந்தம் ஆறு டர்ன். ஒவ்வொரு சுற்றிலும் தரப்புக்கு ஒரு ஆறுமுகப் பகடை. திருடர் இரண்டாம் நிலைக்கு 1,200 புள்ளி சேர்க்க வேண்டும். வெளியே கொண்டுவந்த பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.