குப்பைமேட்டில் புதைத்த ஈ.டி.

தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடின மக்களுக்கு ஒரு சடங்கு மறந்திருக்காது. கேம் ஓடலைன்னா கேசட்டைப் பிடுங்கி, அடியில "உஃப்"னு ஒரு ஊது ஊதி, திரும்பச் சொருகணும். கேசட் மேல "9999 இன் 1"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். உள்ள பார்த்தா பத்து கேம்தான், மிச்சமெல்லாம் அதே பத்தோட ரிப்பீட்டு. அந்த ஒரு கேசட்டுக்காக எங்க வீட்ல நடந்த அடிதடி கொஞ்ச நஞ்சமில்லை.

அப்படிப்பட்ட கேசட்டை லாரி லாரியா கொண்டுபோய் ஒரு கம்பெனி குழிதோண்டிப் புதைச்சதுன்னு படிச்சப்ப, எவனோ கதை விடறான்னுதான் நினைச்சேன். ரொம்ப வருஷம் உலகமே அப்படித்தான் நினைச்சது. ஆனா எனக்கு அந்தக் குழியை விட, அதுக்குள்ள தள்ளப்பட்ட ஒரு மனுஷனோட கதைதான் மனசுல நின்னுச்சு. நானும் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் இல்லையா, அதான்.

அட்டாரி. 1972ல் நோலன் புஷ்னலும் டெட் டாப்னியும் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனி. 1976ல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதை 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷமே வீட்டு டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி வந்தது, பின்னாடி அட்டாரி 2600னு பேர் எடுத்த அதே பெட்டி. அதில் இருந்த ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கேபியும் இல்லை, எம்பியும் இல்லை, வெறும் பைட். தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ் அடிச்சா 70 எழுத்து, அதுக்கே 140 பைட் ஆகும். ஒரு முழு எஸ்எம்எஸ்ஸை விடக் குறைஞ்ச இடத்துக்குள்ள ராக்கெட், எதிரி, ஸ்கோர், மிச்சமிருக்கிற உயிர் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கணும். இதுல புரோகிராம் எழுதினவங்க எல்லாம் வேற ஜாதி மனுஷங்க.

ஆனா அவங்க பேர் வெளிய தெரியாது. கேசட் மேல அட்டாரி பேர் மட்டும்தான். 1978ல் தலைமைக்கு வந்த ரே கஸார் அதற்கு முன்னால் ஜவுளித் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். எழுதினவன் பேரைப் போடணும்ங்கிற யோசனை அவருக்குப் பிடிக்கலை. கடுப்பான நாலு பேர் 1979ல் வெளியே போய் ஆக்டிவிஷன் ஆரம்பித்தார்கள். வாரன் ராபினெட் என்பவர் போகிற போக்கில் 'அட்வெஞ்சர்' என்கிற ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பேரை எழுதிவிட்டுப் போனார். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு மாதிரி!

இந்தக் கம்பெனிக்கு 1981ல் வேலைக்கு வந்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. குசும்பு பிடிச்ச ஆளு. இவரோட முதல் ஆட்டம் 'யார்ஸ் ரிவெஞ்ச்'. "யார்?"னு கேக்காதீங்க. ரே என்பதை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டால் யார். கஸாரைத் தலைகீழாக்கினால் கிட்டத்தட்ட ரஸாக், அதுதான் அந்தக் கதையில் வரும் கிரகம். பேர் தேர்வு செய்கிற ஆளிடம் "இது முதலாளி பேரு, வெளிய சொல்லிடாதே"ன்னு காதைக் கடிச்சே இதை ஓகே பண்ண வெச்சேன்னு அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லிச் சிரித்தார். ஆட்டமும் பிரமாதமாக ஓடியது. அடுத்து ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. அதுவும் ஹிட்டு.

இங்கதான் சனி பிடிச்சது.

1982 ஜூனில் 'ஈ.டி.' படம் வெளியானது. கண்ணீரும் கம்பலையுமா அமெரிக்காவே தியேட்டர்ல உக்காந்திருந்தது. படம் யுனிவர்சல் எடுத்தது. வார்னர் தலைவர் ஸ்டீவ் ராஸுக்கோ எப்படியாவது ஸ்பீல்பெர்க்கைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஆசை. ஈ.டி. ஆட்டத்துக்கான உரிமைக்கு 2 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார் என்று அப்போதே பேச்சு. பேரம் பேசிப் பேசி ஜூலை கடைசி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் புரோகிராம் முடிந்து சிப் அடிக்கப் போயாக வேண்டும்.

பந்திக்கு இலை போட்டாச்சு, ஆள் உக்காந்தாச்சு, இனிமேதான் அரிசி வாங்கணும்!

1982 ஜூலை 27 அன்று கஸார் போன் போட்டு வார்ஷாவைக் கேட்டார். அஞ்சு வாரம், முடியுமா? ஒரு ஆட்டம் எழுத அப்போது சாதாரணமாக அஞ்சாறு மாசம், சமயத்தில் அதுக்கு மேலயும் ஆகும். 24 மணி தியாலத்துக்கும் சேர்த்து இருந்ததே அஞ்சு வாரம். வார்ஷா முடியும்னு சொன்னார். வயசு இருபத்தஞ்சுக்குப் பக்கம். சொல்லாம என்ன பண்ணுவார்? நானும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "திங்கள்கிழமை காலைல டெமோ, முடியும்ல?"ன்னு கேட்ட மேனேஜர்கிட்ட தலையாட்டியிருக்கேன். (கம்பெனி பேரெல்லாம் வேணாம், விடுங்க.) அந்தத் தலையாட்டலோட ருசி தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றரை நாளில் மொத்த வடிவமைப்பையும் யோசித்து, விமானம் ஏறிப் போய் ஸ்பீல்பெர்க்கிடம் சொன்னார். அவரோ "பேக்-மேன் மாதிரி ஏதாவது பண்ணக்கூடாதா?"ங்கிற மாதிரி இழுத்திருக்கிறார். வார்ஷா ஒத்துக்கலை. வித்தியாசமா செய்யணும்னு பிடிவாதம். என்னைக் கேட்டா இந்த இடத்துல அவர் பேக்-மேனுக்கே தலையாட்டியிருக்கலாம்! திரும்பி வந்து, வேலை செய்யும் மெஷினை வீட்டிலும் ஒன்று கொண்டுவந்து வைத்துக்கொண்டார். தூங்கற நேரம், வண்டி ஓட்டற நேரம் தவிர மிச்சமெல்லாம் கோட். செப்டம்பர் 1. முடிச்சுட்டார்!

ஆட்டம் இதுதான். ஈ.டி. மூணு இடத்துல சிதறிக் கிடக்கிற போன் துண்டுகளைத் தேடி எடுத்து, வீட்டுக்குப் போன் பண்ணி, கப்பல் வந்ததும் ஏறிப் போகணும். துண்டுகள் குழிக்குள்ள கிடக்கும். குழிதான் பிரச்சினையே. மேலேருந்து பார்க்கிற மாதிரி தரை, ஆனா பக்கவாட்டுல பார்க்கிற மாதிரி ஈ.டி. உருவம். கால் நல்லா தரையில இருக்கும், தலையோட ஓரம் குழியோட ஓரத்துல ஒரு புள்ளி பட்டாலும் "விழுந்துட்டான்"னு கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணிடும். கழுத்தை நீட்டி மெதுவா மிதந்து மேல வந்தா, வெளிய வந்த வேகத்துல கையை அசைச்சோம்னா மறுபடி அதே குழி. பரிசோதிச்சுப் பார்க்க இன்னும் ரெண்டு வாரம் இருந்திருந்தா சரியாகியிருக்கும். சும்மா சொல்லலை, 2013ல் ஒரு ரசிகர் அந்த புரோகிராமைப் பிரித்து, சில பைட்டுகளை மாற்றி, குழித் தொல்லையைச் சரிபண்ணிக் காட்டினார்.

அட்டாரி அடித்தது சுமார் 40 லட்சம் கேசட். விற்றது 15 லட்சம் சொச்சம். யோசிச்சுப் பாருங்க, அஞ்சு வாரத்துல ஒரே ஆள் எழுதின ஆட்டம் 15 லட்சம் போயிருக்கு. இதுல யாரு தோத்தது? கணக்குப் போட்டு 40 லட்சம் அடிச்சவங்களா, எழுதினவரா?

அதற்கு முன்பே ஓட்டை விழுந்தாச்சு. அதே 1982ல் வந்த 'பேக்-மேன்' கேசட் 70 லட்சத்துக்கு மேல் விற்றாலும், பார்க்கச் சகிக்கலை என்று ஜனங்களுக்கு அட்டாரி மேல் கசப்பு. மாவு விக்கிறவன், மருந்து விக்கிறவன் எல்லாம் கேம் கேசட் போட ஆரம்பித்து, கடைகளில் மலை மாதிரி சரக்கு. 1982 டிசம்பர் 7 அன்று, "நாங்க 50 சதவீதம் வளர்ச்சின்னு சொன்னோம்ல, அது 10லேருந்து 15தான் வரும்"னு வார்னர் அறிவித்தது. பங்கு விலை மளமளவெனச் சரிந்து மூன்றில் ஒரு பங்கு போனது. அறிவிப்புக்கு 23 நிமிஷம் முன்னால் கஸார் தன்னிடம் இருந்த 5,000 பங்குகளை விற்றிருந்தார். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் கேள்வி கேட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே லாபத்தைத் திருப்பிக் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார். 1983 ஜூலையில் பதவியும் போனது. அந்த வருஷம் அட்டாரியின் நஷ்டம் 53.6 கோடி டாலர்.

1983 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாஸோவில் இருந்த அட்டாரி கிடங்கிலிருந்து லாரிகள் கிளம்பி, பக்கத்து மாநிலமான நியூமெக்ஸிகோவில் உள்ள அலமகோர்டோ ஊர் குப்பைமேட்டுக்குப் போயின. அங்கே பொறுக்க விட மாட்டார்கள், ராத்திரிக்கு ராத்திரி நசுக்கி மூடிவிடுவார்கள். அதனால்தான் அந்த ஊர். ஆனா பசங்க விடுவாங்களா? சுவரேறிக் குதிச்சு அள்ளிட்டாங்க. மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். உள்ளூர்ப் பேப்பரிலும் நியூயார்க் டைம்ஸிலும் அப்போதே செய்தி வந்தது. ஆனாலும் வருஷம் ஆக ஆக அது பாட்டி கதை ஆகிப்போச்சு. "உலகத்துலயே மட்டமான ஆட்டம், கம்பெனியையே கவுத்துச்சு, பூமிக்கடியில ஒளிச்சு வெச்சாங்க" என்று பட்டியலுக்குப் பட்டியல் எழுதினார்கள். கூடவே வார்ஷா பேரும்.

எனக்கு வயிறெரியறது இங்கதான். ஜெயிச்ச வரைக்கும் கேசட்ல பேர் போட மாட்டேன்னாங்க. தோத்ததும் உலகத்துக்கே பேர் தெரிஞ்சுபோச்சு. வார்ஷா 1984ல் அட்டாரியை விட்டு வெளியேறினார். என்னென்னவோ வேலை பார்த்து, கடைசியில் மனநல ஆலோசகர் ஆகிவிட்டார். சிலிக்கான் வேலியில் வேலைச் சுமையால் நொந்துபோய் வரும் மென்பொருள் ஆட்களுக்கு ஆலோசனை சொல்கிறவர். அவரை விடத் தகுதியான ஆள் கிடைக்குமா சொல்லுங்க!

2014 ஏப்ரல் 26. ஒரு ஆவணப்படத்துக்காக அலமகோர்டோ குப்பைமேட்டைத் தோண்டினார்கள். புழுதிக்காத்து கண்ணைத் திறக்க விடலை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஜனம் வேலிக்குப் பின்னால் காத்திருந்தது. இடத்தை அடையாளம் காட்டியவர் ஜோ லெவண்டௌஸ்கி, அந்தக் காலத்தில் அங்கே குப்பைக் குத்தகை எடுத்தவர். பழைய போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். மத்தியானம்போல நசுங்கின ஈ.டி. பெட்டி ஒண்ணு மேல வந்தது. கூட்டத்துல வார்ஷாவும் நின்றார். முப்பது வருஷம் முன்னாடி நான் செஞ்ச ஒண்ணுக்காக இத்தனை பேரா என்று சொல்லி அழுதுவிட்டார். அந்த ஆவணப்படத்தின் பேர் 'அட்டாரி: கேம் ஓவர்'.

சுமார் 1,300 கேசட்டுகளை எடுத்துவிட்டு மறுபடி மூடினார்கள். புதைத்தது மொத்தம் 7,28,000 என்று பழைய அட்டாரி மேலாளர் ஒருவர் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், எடுத்ததில் ஈ.டி. பத்தில் ஒரு பங்குதான்! மிச்சமெல்லாம் நல்லா ஓடின ஆட்டங்கள், ஸ்பேஸ் இன்வேடர்ஸ், சென்டிபீட், ஏன், அந்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' கூட. விக்காம தேங்கின சரக்கு மொத்தத்தையும் தள்ளியிருக்காங்க. பேர் மட்டும் ஈ.டி. தலையில. எடுத்ததை ஏலம் போட்டதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஒரு கேசட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கும் போனது.

போன மாசம் ஒரு ராத்திரி, எமுலேட்டர் போட்டு நானும் ஆடிப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷத்துல ஏழு தடவை குழி. கடுப்பாகி மூடப் போனவன், எதுக்கும்னு அந்தக் கால கையேட்டைத் தேடிப் படிச்சேன். திரையோட மேல் ஓரத்துல வர்ற சின்னக் குறிகளுக்கு என்ன அர்த்தம்னு அதுல சொல்லியிருக்காங்க, எங்க நின்னா என்ன சக்தின்னு. அப்புறம் சுலபமாயிடுச்சு. வாடிப்போன ஒரு பூவுக்கு உயிர் கொடுத்தா சமயத்துல அதுலேருந்து ஒரு 'யார்' பறக்குமாம், வார்ஷாவோட பழைய குசும்பு. எனக்குப் பறக்கலை. ஆனா மூணு துண்டும் கிடைச்சுது. போன் பண்ணேன். கப்பல் வந்தது, ஏறிப் போயிட்டான்.