மெல்லுதலும் செரிமானமும்: ஆய்வு வரலாறு

உணவு செரிக்கத் தொடங்குவது வாயிலா, இரைப்பையிலா? இன்றைய பள்ளிப் பாடநூல் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த விடையை எட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அதற்காகச் சிலர் தங்கள் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டனர். ஒருவருடைய உடலோ, அவர் விரும்பிக் கேட்காமலே ஆய்வுக்கூடமானது.

பண்டைய கிரேக்கத்தில் அரிசுட்டாட்டில் பற்களின் வேலையை உணவைத் துண்டாக்குவதோடு நிறுத்திக் கொண்டார். உணவைப் பக்குவப்படுத்துவது உடலின் உட்சூடு என்பது அவர் கருத்து. (ஆண்களுக்குப் பெண்களைவிடப் பற்கள் அதிகம் என்றும் எழுதியவர் அவர்தான்; எண்ணிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.) 17ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். இரைப்பை ஓர் ஆட்டுக்கல்லைப் போல உணவை அரைக்கிறது என்றது ஓர் அணி. புளிக்க வைப்பது போன்ற வேதிவினையே அங்கு நடக்கிறது என்றது மற்றொன்று.

பறவைகள் சொன்ன விடை

இந்த வழக்கில் சாட்சி சொன்னவை பற்களே இல்லாத உயிரினங்கள். பிரான்சின் ரெயோமூர், இறைச்சியை இருபுறமும் திறந்த உலோகக் குழலில் வைத்துப் பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். 1752இல் இந்த ஆய்வை வெளியிட்டார். பருந்து கக்கிய குழல் நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. ஆகவே இரைப்பையில் ஏதோ ஒரு சாறு வேலை செய்கிறது. தானியம் தின்னும் பறவைகளில் நிலைமை வேறு. அவற்றின் அரைவைப்பை குழல்களையே நெளித்துவிட்டது. பறவை விழுங்கும் சிறு கற்களும் அந்தத் தசைப்பையும் சேர்ந்து பற்களின் வேலையைச் செய்கின்றன.

இத்தாலியின் ஸ்பல்லான்சானி இதைத் தன் உடலிலேயே சோதித்தார். உணவைச் சிறு லினன் துணிப்பைகளில் தைத்து, பையோடு விழுங்கி, அது உடலைவிட்டு வெளியேறும்வரை காத்திருந்தார். மென்ற இறைச்சி ஒரு பையில், மெல்லாத இறைச்சி இன்னொரு பையில். மென்றது விரைவாகக் கரைந்திருந்தது. 1780இல் வெளிவந்த அவருடைய நூலில் இவை இடம்பெற்றுள்ளன. பற்கள் செரிமானத்துக்கு உதவுவதை ஒப்பிட்டுக் காட்டிய முதன்மையான சோதனைகளில் இது ஒன்று.

ஏன் விரைவாகக் கரைகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ள ஓர் உணவுக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. துண்டுகளாக்கினால் ஆயிரம் துண்டுகள். மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. செரிமானச் சாறு தொடும் இடம் பத்து மடங்காகிறது.

வாயைத் தாண்டிய உணவு

1822 சூன் 6 அன்று அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் மேல் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு மருத்துவம் செய்த படைமருத்துவர் வில்லியம் பியூமாண்ட், 1825 முதல் அந்தத் துளை வழியே பட்டு நூலில் கட்டிய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றை இறக்கி, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்தார். பற்களையும் உமிழ்நீரையும் சந்திக்காமலே உணவு இரைப்பைக்குப் போனது அங்குதான்.

1833இல் பியூமாண்ட் தம் முடிவை வெளியிட்டார்: உணவை நன்கு பொடியாக்கி நேரே இரைப்பையில் இட்டால், மென்று விழுங்கியதைப் போலவே செரிக்கும், மெல்லுவதற்கும் உமிழ்நீருக்கும் தனிப் பங்கு ஏதுமில்லை. இதில் பாதி சரி. பொடியாக்குவதுதான் முக்கியம், அதைப் பல் செய்தாலென்ன, கத்தி செய்தாலென்ன? மறுபாதி தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1831இல், செருமனியின் லாய்க்ஸ் உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதைக் கண்டிருந்தார். இன்று நாம் அமைலேஸ் என்னும் நொதியின் வேலை அது. வெறும் சோற்றை ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் இலேசாக இனிப்பது இதனால்தான். விழுங்கிய கவளத்தின் நடுவே இரைப்பை அமிலம் ஊடுருவும்வரை இந்த நொதி தொடர்ந்து வேலை செய்கிறது.

செயின்ட் மார்ட்டினைப் பற்றியும் ஒரு சொல். படிப்பறிவற்ற அவர் இந்தச் சோதனைகளை வெறுத்து, ஒருமுறை கனடாவிலுள்ள தம் ஊருக்கே போய்விட்டார். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் எடுத்துச் செல்லாதபடி உடல் சிதையும்வரை குடும்பத்தினர் அடக்கத்தைத் தள்ளிப்போட்டனர்.

ஃபிளெச்சரின் காலம்

மெல்லுதலுக்கு மதிப்பில்லை என்ற நிலையிலிருந்து, அதுவே எல்லாம் என்ற நிலைக்கு ஊசல் ஆடியது. ஹொரேஸ் ஃபிளெச்சர் (1849–1919) அமெரிக்க வணிகர். உடல் பருத்ததால் ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்ட அவர், உணவு வாயில் கூழாகித் தானே தொண்டைக்குள் இறங்கும்வரை மெல்லத் தொடங்கினார், எடை குறைந்தது. பாலைக்கூட மெல்ல வேண்டும் என்றார். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்ற நம் பழமொழியை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அதை அவரளவுக்கு நம்பியவர் அரிது. எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் சில ஆண்டுகள் இந்த முறையைப் பின்பற்றிப் பின்னர் கைவிட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டெண்டன் ஃபிளெச்சரைச் சோதித்தபோது, மிகக் குறைந்த உணவிலும் அவர் வலுவோடு இருந்தது தெரிந்தது. அவ்வளவு நேரம் மெல்பவர் குறைவாகத்தான் உண்பார். எடை குறைந்ததற்கு அதுவே போதுமான காரணம் என எனக்குத் தோன்றுகிறது.

எந்த உணவுக்குப் பல் தேவை என்பதை 1956இல் பிரித்தானியாவில் ஃபாரெல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. ஸ்பல்லான்சானியின் பழைய வழியே அது: உணவைப் பருத்திப் பைகளில் இட்டு, மென்றதையும் மெல்லாததையும் விழுங்கச் செய்து, வெளியேறிய பைகளில் மிச்சத்தைப் பார்ப்பது. மீன், முட்டை, சோறு, ரொட்டி, பாலாடைக்கட்டி ஆகியவை மெல்லாவிட்டாலும் செரித்தன. ஆட்டிறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, கேரட் போன்றவற்றை மெல்லாமல் விழுங்கியபோது பையில் மிச்சம் தங்கியது. பட்டாணியின் தோலும் கேரட்டின் செல்சுவரும் செல்லுலோசால் ஆனவை. அதை உடைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. பல்லோ, அம்மியோ, அடுப்போ அந்தச் சுவரைத் திறந்து வைத்தால்தான் உள்ளிருக்கும் சத்தைச் செரிமானச் சாறு முழுமையாக எட்டும். பல் இழந்த முதியவருக்குக் காய்களைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கும் வீடுகளில் நடப்பதும் இதே வேலைதான், வாய்க்கு வெளியே.