நீரிழிவு மருந்துகளும் இதய நலமும்: வரலாறு

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, இரத்தக்குழாய் நோய்களே. ஆயினும் நீரிழிவு மாத்திரைகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு குறைக்கின்றன என்பதைக் கொண்டே நெடுங்காலம் மதிப்பிடப்பட்டன. சர்க்கரை குறைந்தால் இதயமும் காக்கப்படும் என்ற நம்பிக்கையை மூன்று மருந்துகளின் வரலாறு மாற்றியமைத்தது.

டால்புட்டமைடு

அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் பல இணைந்து 1961-இல் நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கின. அதில் டால்புட்டமைடு உட்கொண்ட 204 பேரில் 26 பேர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தனர். மருந்துப்போலி (மருந்து கலவாத மாத்திரை) பெற்ற 205 பேரில் அவ்வாறு இறந்தோர் 10 பேர். 1970-இல் வெளியான இம்முடிவு மருத்துவர்களிடையே கடும் விவாதத்தை எழுப்பியது. மருந்தின் விவரக்குறிப்பில் சிறப்பு எச்சரிக்கை இடம்பெற 1984 வரை ஆயிற்று.

ரோசிகிளிட்டசோன்

இம்மருந்துக்கு அமெரிக்கா 1999-இல் ஒப்புதல் அளித்தது. 2007-இல் ஸ்டீவன் நிசன், கேத்தி வோல்ஸ்கி ஆகியோர் 42 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, இது மாரடைப்பு வாய்ப்பை ஏறத்தாழ 43 விழுக்காடு கூட்டுவதாக அறிவித்தனர். 2010-இல் ஐரோப்பாவில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவும் தடை விதித்தது. பின்னர் ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை மறுபரிசீலனை செய்தபோது மாரடைப்பு அச்சம் உறுதிப்படவில்லை. எனவே 2013-இல் அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

ஆனால் அந்த அச்சம் ஒரு விதியை விட்டுச்சென்றது. புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்கு ஏற்கமுடியாத தீங்கு செய்வதில்லை எனக் காட்டவேண்டும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் அறிவுறுத்தியது.

எம்பாகிளிஃப்ளோசின்

சிறுநீரகம் சர்க்கரையை மீண்டும் உறிஞ்சுவதைத் தடுத்து, அதைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து இது. இதய, இரத்தக்குழாய் நோயும் நீரிழிவும் உள்ள சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. சுமார் மூன்று ஆண்டுகளில் மருந்துப்போலி பெற்ற நூறு பேருக்கு ஏறத்தாழ 6 பேர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தனர். இம்மருந்து பெற்றோரில் ஏறத்தாழ 4 பேர். இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தோரும் குறைந்தனர். இரு பிரிவினரின் சர்க்கரை அளவில் வேறுபாடு சிறிதே. ஆகவே இப்பயனுக்குச் சர்க்கரைக் குறைவு மட்டும் காரணமாக இருக்கமுடியாது. அடுத்த ஆண்டு லிராகுளுடைடு ஊசிமருந்தும் இதயத்துக்கு நன்மை தருவதாகத் தெரியவந்தது.

தீங்கைக் கண்டறிய வகுத்த விதி, இவ்வாறு எதிர்பாராத நன்மையையும் வெளிக்கொணர்ந்தது. இன்று நீரிழிவுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் மருத்துவர்கள் சர்க்கரை அளவுடன் நோயாளியின் இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையையும் கருத்திற்கொள்கின்றனர்.