இடிச்ச ஊருக்கு மேல நிக்குது ஹைகோர்ட்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். மயிலாப்பூர்லயோ திருவல்லிக்கேணியிலயோ நூறு வருஷப் பழைய வீடு ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க. அதை இடிச்சு, மனையைக் காலி பண்ணிக் கொடுக்க ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிடுறீங்க. யாரு யாருக்குப் பணம் கொடுக்கணும்?

வீட்டுக்காரர்தான் கொடுக்கணும்னு நினைப்போம். பழைய வீடுன்னா பல சமயம் நடக்கிறது தலைகீழ். காண்ட்ராக்டர் வீட்டைச் சுத்திப் பார்ப்பார். நிலைக்கதவைத் தட்டிப் பார்ப்பார், கூரையை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம், "சார், நான் இவ்வளவு தர்றேன்"னு ஒரு தொகை சொல்வார். இடிக்கிற கூலி போக, உள்ள இருக்கிற பொருளுக்கு அவ்வளவு மதிப்பு.

முதல்ல கதவு, ஜன்னல், கம்பி, வயர் எல்லாம் வெளியே போகும். அடுத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தேக்கு உத்திரங்களுக்கு மேல சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லா, சாய்வா அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டுற கூரை. அதைப் பிரிச்சா பர்மா தேக்கு கிடைக்கும். சுவரை இடிச்சா முழுச் செங்கல்லே கிடைக்கும், ஏன்னா சுண்ணாம்புச் சாந்து தட்டினா உதிர்ந்திடும். சிமென்ட் அப்படி விடாது, கல்லையும் சேர்த்து உடைச்சிடும். கான்கிரீட் வீட்டுல மிஞ்சுறது கிலோ கணக்குல போடுற கம்பிதான். இதுக்கெல்லாம் கடைசியாத்தான் ஜேசிபி உள்ள வரும். சினிமால வர்ற மாதிரி வெடி வச்சுத் தகர்க்கிறது நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம். மவுலிவாக்கத்துல 2014-ல ஒரு அடுக்குமாடி சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க இல்லையா, அதுக்குப் பக்கத்துல நின்ன இன்னொரு 11 மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சு இறக்கினாங்க. சில நொடிதான். மத்தபடி எல்லாம் சம்மட்டி, கடப்பாரை, பிரேக்கர்.

ஆக, இடிப்புக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. எதைப் பத்திரமா எடுக்கணும், எதை லாரியில குப்பையா அள்ளணும்னு. இன்னைக்கு நான் சொல்லப் போறது, இதே கணக்கை ஒரு முழு ஊருக்கே போட்ட கதை. நடந்தது வேற எங்கயும் இல்லை, பாரிமுனையில.

சென்னை ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள போனா, எவ்வளவு பெரிய இடம்னு தோணும். நெரிசலான ஜார்ஜ் டவுனுக்கும் கோட்டைக்கும் நடுவுல இவ்வளவு காலி இடம் எப்படி வந்துச்சு? பதில்: அது காலி இடமா இருந்ததே இல்லை. அங்க ஒரு ஊரு இருந்துச்சு.

1639-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைச்சு, புனித ஜார்ஜ் கோட்டை எழும்புச்சு. கோட்டைக்குள்ள வெள்ளைக்காரங்க. கோட்டையோட வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்கள், சாயம் போடுறவங்க, வியாபாரிகள், துபாஷிகள்னு நம்ம ஆளுங்க. இந்தப் பகுதிக்குக் கம்பெனி வச்ச பேரு பிளாக் டவுன், கறுப்பர் நகரம். நடுவுல சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் கோயில். பட்டணம் கோயில்னு சொல்வாங்க.

1746 செப்டம்பர்ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சாங்க. பிடிச்சவங்களுக்கு உடனே ஒரு கவலை: கோட்டைச் சுவரை ஒட்டி வீடு இருந்தா, நாளைக்கு இங்கிலீஷ்காரன் திரும்பி வந்து அந்த மொட்டை மாடியில ஏறி நின்னு சுட்டா? வீட்டுச் சுவருக்குப் பின்னாடி பீரங்கியை ஒளிச்சு வச்சா? அதனால கோட்டைக்குப் பக்கத்துல இருந்த வீடுகளை இடிச்சாங்க.

சமாதான ஒப்பந்தப்படி 1749-ல மெட்ராஸ் திரும்ப இங்கிலீஷ்காரங்க கைக்கு வந்துச்சு. அவங்க வீடுகளைத் திரும்பக் கட்டித் தந்தாங்களா? இல்லை. எதிரி செஞ்ச வேலையோட அருமை அவங்களுக்கும் புரிஞ்சுடுச்சு. 1757 வாக்குல மிச்சத்தையும் இடிச்சாங்க, கோயில் உட்பட. எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்துற இடம் இதுதான். ரெண்டு எதிரிகள் பத்து வருஷ இடைவெளியில ஒரே வேலையைப் பங்கு போட்டு முடிச்சிருக்காங்க.

இடிச்சதுக்கு ராணுவக் காரணம் இல்லாம இல்லை. 1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டப்போ, அவரோட படை இன்னும் வடக்கே இருந்த வீடுகளுக்குள்ளதான் புகுந்து உட்கார்ந்துச்சு. 1759 பிப்ரவரியில முற்றுகை விலகினதும், கோட்டையைச் சுத்தி வெட்டவெளி இருந்தே ஆகணும்னு கம்பெனி கறாரா முடிவு பண்ணிடுச்சு. அந்த வெட்டவெளிக்குப் பேரு எஸ்பிளனேடு. அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் பேருல அது இன்னும் இருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். எதெல்லாம் காப்பாத்தப்பட்டுச்சு?

கோயில் தப்பிச்சுது, வேற இடத்துல. கம்பெனி மாற்று இடம் கொடுக்க, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னாடி நின்னு பூக்கடைப் பக்கம் ரெட்டைக் கோயிலா திரும்பக் கட்ட வச்சார். கம்பெனியில அவருக்குச் செல்வாக்கு இருந்துச்சு. இங்கிலீஷ்காரங்களோட பழைய இடுகாடும் அந்தப் பகுதியிலதான் இருந்துச்சு. உயரமான கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமா ஆகுதுன்னு அதையும் இடிச்சாங்க. ஆனா பேர் பொறிச்ச கல்லை எல்லாம் கோட்டைக்குள்ள எடுத்துட்டுப் போயி, செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுத்தித் தரையில பதிச்சாங்க. இன்னைக்கும் அது மேலதான் நடந்து போறோம்.

இன்னும் சுவாரசியம், தூண்கள். கோட்டையில கடல் பக்க வாசல்லேர்ந்து உள்ளே வர்ற வழியில, பல்லாவரத்துக் கருங்கல்லுல செஞ்ச தூண் வரிசை ஒண்ணு இருந்துச்சு. 1746-ல ஜெயிச்ச பிரெஞ்சுக்காரங்க அந்தத் தூண்களைக் கழட்டிப் புதுச்சேரிக்குக் கொண்டு போயிட்டாங்க. நம்ம காண்ட்ராக்டர் தேக்கைப் பார்க்கிற அதே கண்ணு! 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரங்க புதுச்சேரியைப் பிடிச்சாங்க. கடலூர்ல செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரங்க இடிச்சதுக்குப் பழியா, புதுச்சேரியைத் தரைமட்டம் ஆக்கினாங்க. 1765-ல ஊரு திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரங்க பழைய தெருக்கோட்டு மேலயே புதுசாக் கட்டினாங்க. நாம இன்ஸ்டாகிராம்ல போடுற அந்த மஞ்சச் சுவர் வீடுகள்ல அதுக்கு முந்தினது ஏறக்குறைய எதுவுமே கிடையாது. ஆனா அந்தத் தூண்களை மட்டும் இங்கிலீஷ்காரங்க பத்திரமா மெட்ராஸுக்குத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. இப்போ அது தலைமைச் செயலகக் கட்டிடத்துல இருக்கு.

சாமிக்கு மாற்று இடம் கிடைச்சுது. செத்தவங்க பேரு தரையில பதிஞ்சுது. கல்தூண் புதுச்சேரிக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. அங்க குடியிருந்தவங்க? வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைன்னு நகர்ந்தாங்க. கறுப்பர் நகரம்ங்கிற பேரும் அவங்களோடயே நகர்ந்துச்சு. பின்னால அதுதான் ஜார்ஜ் டவுன் ஆச்சு. கோட்டை நிழல்ல தறி போட்டவர் வீடு எது, ஒத்திக்கு இருந்தவர் வீடு எதுன்னு காட்ட அங்க ஒரு கல்லு கிடையாது. இன்னைக்கும் ஒரு பழைய வீட்டை இடிக்கிறப்போ, தேக்குக்கு விலை பேசின பிறகு கீழ் போர்ஷன்ல இருபது வருஷமா வாடகைக்கு இருந்த குடும்பம் எங்க போச்சுன்னு யாரு எழுதி வைக்கிறாங்க? 2016-ல கட்டிடக் கழிவுக்குன்னு மத்திய அரசு தனி விதியே போட்டுச்சு. கழிவைக் கண்ட இடத்துல கொட்டக் கூடாது, பிரிச்சுக் கொடுக்கணும்னு. நல்ல விதிதான். அதுவும் கல்லு மண்ணுக்கான விதி.

காலி பண்ணின இடம் நூறு வருஷம் போல வெட்டவெளியாவே கிடந்துச்சு. அப்புறம் போர்ப் பயம் போனதும் ஒவ்வொண்ணா வந்துச்சு. 1844-ல கலங்கரை விளக்கம், 1892-ல ஹைகோர்ட், பக்கத்துலயே சட்டக் கல்லூரி.

அந்தக் கல்லூரி வளாகத்துல, பழைய இடுகாட்டுல இடிக்காம விட்ட கல்லறை ஒண்ணு கூரா நிக்குது. மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேலோட குட்டிப் பையன் டேவிட் யேலும், ஜோசப் ஹின்மர்ஸும் அங்கதான் புதைக்கப்பட்டிருக்காங்க. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம்னு இருக்கே, அந்த யேல். லாலியோட முற்றுகைக்குத் தப்பின கல்லறை அது. 2023-ல அதை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி ஹைகோர்ட்டே ஒரு உத்தரவு போட்டுச்சு. வண்டி நிறுத்த அடுக்குமாடி பார்க்கிங் வரணுமாம்.

பார்க்கணும்னு தோணினா, ஹைகோர்ட் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி பாரிமுனைப் பக்கம் நடங்க. டேர் ஹவுஸ் கட்டிடத்தோட மூலையில, ஆள் கவனிக்காத மாதிரி ஒரு கூர்முனைக் கல்தூண் இருக்கும். "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது"ன்னு 1773-ல வரிசையா நட்ட எல்லைத் தூண்கள்ல இன்னும் நிக்கிறது அது ஒண்ணுதான்.